பச்சைப் பகட்டு

நாகரிகம் என்னும் பெயரால் நம்மவர் தலையில் ஏற்றப்படும் சுமைகள் காலத்துக்குக் காலம் மாறி வருகின்றன. கொளுத்தும் வெயிலில் கறுப்புக் கோட்டு அணிந்து வியர்த்துக் கொட்டியது ஒரு காலத்து நாகரிகம். விருந்தினர்க்குத் தோட்டத்துப் பழத்தை விடுத்துத் தகர டப்பாவில் அடைத்த பழத்தைத் திறந்து வைத்தது பிறிதொரு காலத்து நாகரிகம். இன்றோ "பசுமை வாழ்வு" என்பது நாகரிகமாக வந்திருக்கிறது. மூங்கில் பல்துலக்கி, சணற்பை, கண்ணாடிக் குடுவை, எஃகு உறிஞ்சுகுழல், அடுக்குச் சாப்பாட்டுப் பாத்திரம் ஆகியவை கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பேரங்காடிகளில் தனி அடுக்கில் வைக்கப்பட்டு, பச்சை இலைப் படம் ஒன்றும் ஒட்டப்பட்டு, சாதாரணப் பொருளினும் மிகுந்த விலைக்கு விற்கப்படுகின்றன. வாங்குவோர் பூமியைக் காத்துவிட்ட திருப்தியோடு மோட்டார் காரில் ஏறிச் செல்கின்றனர்.

பூமி கெடவில்லை என்று வாதாட யாம் முன்வரவில்லை. ஆறு நாறுவதையும், கடலில் பிளாஸ்டிக் மிதப்பதையும், வெயிலின் கொடுமை ஆண்டுக்கு ஆண்டு ஏறுவதையும் கண்ணுள்ளவர் எவரும் மறுக்க மாட்டார். எமது வழக்கு வேறு. பூமியைக் காப்பதென்பது கடையில் வாங்கிக் காட்டும் பகட்டாக மாறிவிட்டது. அதே பகட்டுத்தான் நம் சமூகத்தின் குப்பை மேட்டையும் வளர்த்து வருகிறது. முன்னது பணக்காரனின் பகட்டு, பின்னது ஏழையின் பகட்டு. வேர் ஒன்றே. அந்த வேரைப் பற்றியே யாம் பேச வந்தோம்.

இலைப் படம் ஒட்டிய இப்பொருள்களைச் சற்று உற்று நோக்குங்கள். இவற்றுள் எது நமக்குப் புதிது? தோட்டப்புறத்து லயங்களில் விடியுமுன் பால்வெட்டுக்குப் புறப்பட்ட நம் தாய்மார்கள் கையில் கொண்டு போனது தூக்குச்சட்டியன்றி வேறென்ன? மாவு மூட்டைத் துணி தலையணை உறையாயிற்று. பால் டப்பா காலியானதும் அதன் வாயில் கயிறு கட்டிக் காப்பி வாங்கி வரும் பாத்திரமாயிற்று. அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் பாத்திரம் துலக்கின. சோற்றுக் கஞ்சி ஆட்டுக்கும் மாட்டுக்கும் போயிற்று. பட்டணத்திலோ பழைய பொருள் வாங்குகிறவர் தெருத்தெருவாய்க் கூவி வந்தார். அவரைக் "காராங்குனி" என்று சிங்கப்பூரில் இன்றும் அழைக்கின்றனர். அந்தக் "குனி"யும் நம்முடைய "கோணி"யும் உறவுச் சொற்கள் என்பதை அறிந்தால், இந்த வியாபாரத்திற்கு நாம் அந்நியரல்லர் என்பது விளங்கும்.

இவ்வளவையும் நம் முன்னோர் ஞானத்தினால் செய்தனர் என்று யாம் புளுகப் போவதில்லை. அது வறுமை. வேறு வழியில்லாமையால் செய்தனர். லயத்து வாழ்க்கையைப் பொற்காலமென்று பாடும் புலவர்கள், ஒழுகும் கூரையின் கீழ் ஓரிரவும் படுத்திராதவர்கள் என்றே கொள்ளவேண்டும். ஆனால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வறுமை குறைந்து நாலு காசு கைக்கு வந்ததும், நாம் வறுமையை மாத்திரமா எறிந்தோம்? தூக்குச்சட்டியையும் சேர்த்து எறிந்தோம். ஏன்? "கூலி" என்று நம்மை அழைத்தவர்களின் ஏளனம் அந்தச் சட்டியில் ஒட்டிக்கொண்டிருப்பதாக எண்ணினோம். பிள்ளை பள்ளிக்கூடத்துக்குத் தூக்குச்சட்டி கொண்டு போனால் தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்துவிடுமாம். ஆதலின் பொட்டலத்தில் வாங்கித் தின்றோம். மிச்சம் வைப்பதே செல்வம், எறிவதே கௌரவம் என்று கற்றுக்கொண்டோம். நம்மை இழிவுபடுத்தியவன் போய்விட்டான். அவன் விதைத்த வெட்கம் மட்டும் நம் வீட்டுக் குப்பைக் கூடையில் நாள்தோறும் நிரம்புகிறது.

இந்த வெட்கம் முழு உருவத்தோடு வீற்றிருக்கும் இடம் நமது கல்யாண மண்டபம். வாசலில் மணமக்களின் முகத்தை ஆளுயரத்துக்கு அச்சடித்த பிளாஸ்டிக் பதாகை. அது ஒரு நாளைக்குப் பயன்படும், பிறகு எதற்கும் உதவாது. மேடையில் பொலிஸ்டிரின் நுரையில் செதுக்கிய யானைகளும் தூண்களும். விருந்தினர் ஒவ்வொருவர்க்கும் ஒரு தண்ணீர்ப் போத்தல். பாதி குடித்து மீதியை வைத்துவிட்டுப் போவர். இவற்றிற்கெல்லாம் சிகரமாகப் பந்தியில் விரிப்பது வாழையிலையன்று, வாழையிலையைப் போல் அச்சடித்துப் பிளாஸ்டிக் பூசிய காகிதம்! வேலியோரத்தில் வாழை தானே முளைக்கும் நாடு இது. அறுத்தால் மறுபடியும் துளிர்க்கும் இலை, உண்ட பின் மாடு தின்னும் இலை, எறிந்தால் மண்ணாகும் இலை. அதை விடுத்து அதன் படத்தில் உண்ணுகின்ற ஜாதி உலகில் வேறெங்கேனும் உண்டோ? தமிழ்ப் பண்பாட்டைக் காப்பதாக மேடையில் முழங்குகிறவர் கீழே இறங்கி வந்து அந்தப் படத்தின் மேல்தான் சாம்பார் ஊற்றிக்கொள்கிறார்.

தைப்பூசத்தன்று பினாங்கில் வீதியில் உடைந்து கிடக்கும் தேங்காயைப் பற்றியும் சொல்லாமலிருக்க முடியவில்லை. எண்ணிக்கையைக் குறையுங்கள் என்று பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பன்முறை வேண்டியிருக்கிறது. பக்தி ஒரு தேங்காயில் அடங்காதாம். அடுத்த கடைக்காரர் நூறு உடைத்தால் நமக்கு இருநூறு வேண்டுமாம். இங்கே போட்டி பக்தியிலா, பணத்திலா என்பதை உடைப்பவரே நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும்.

இவை புதிய கண்டனங்கள் அல்ல. 1929-ஆம் ஆண்டில் பெரியார் ஈ. வெ. ராமசாமி மலாயாவுக்கு வந்து சென்ற பின்னரும், 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றிய பின்னரும், நம் சீர்திருத்தக்காரர்கள் சிக்கனத் திருமணத்தைப் பற்றிப் பேசிப் பேசித் தொண்டை வறண்டனர். அக்காலத்தில் அவர்கள் காட்டிய காரணம் கடன். ஒருநாள் ஆடம்பரத்துக்காக வாழ்நாள் முழுதும் வட்டி கட்டாதே என்றனர். இன்றைக்குக் கடனோடு குப்பையும் சேர்ந்திருக்கிறது; அவ்வளவே வேறுபாடு. "சுற்றுச்சூழல்" என்னும் சொல் அவர்கள் நாவில் வந்ததில்லை. எனினும் நோயின் மூலத்தை அவர்கள் சரியாகவே தொட்டார்கள்: பிறன் கண்ணுக்காக வாழ்வது.

நிற்க. பட்டணத்துப் படித்த கனவான்களின் பசுமைக்கு வருவோம். இவர்கள் நம் கல்யாணப் பந்தியைக் கண்டு முகம் சுளிப்பவர்கள். இவர்கள் வீட்டு அலமாரியைத் திறந்தால் பருத்திப் பைகள் இருபது தொங்கும். மாநாட்டுக்கு ஒன்று, புத்தகக் கடைக்கு ஒன்று, நிறம் பிடித்ததால் ஒன்று. டென்மார்க் நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா 2018-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டது. சாதாரணப் பருத்திப் பை ஒன்று, பூமியின் வெப்பத்தைப் பொறுத்த மட்டில், மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாக வேண்டுமானால் 52 முறையேனும் பயன்பட வேண்டும். நீர், இரசாயனம் முதலிய எல்லாத் தீங்குகளையும் சேர்த்துப் பார்த்தால் 7,100 முறை. வாரம் இருமுறை கடைக்குப் போகிறவர்க்கு முதற் கணக்கு அரையாண்டில் தீரும். இரண்டாவது கணக்குத் தீர 68 ஆண்டுகள் செல்லும். தெருவிலும் கடலிலும் சிதறும் பிளாஸ்டிக்கை அந்த ஆராய்ச்சி கணக்கில் சேர்க்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். ஆயினும் உண்மை மாறுவதில்லை. ஒரே பையைக் கிழியும்வரை தூக்குகிற கிழவி பூமியைக் காக்கிறாள். இருபது பை வைத்திருப்பவர் பைகளைக் காக்கிறார்.

"மட்கும் பெட்டி" என்னும் மற்றொரு மாயமும் உண்டு. சோளமாவினால் செய்ததாகச் சொல்லப்படும் பெட்டிகளுள் பல, வெப்பம் மிகுந்த தனி ஆலைகளிலேயே மட்கும், சாக்கடையோரத்தில் மட்கா. சிங்கப்பூரிலோ வீட்டுக் குப்பை எரிக்கப்பட்டு, அதன் சாம்பல் 1999-இல் திறக்கப்பட்ட செமாக்காவ் கிடங்குக்குப் போகிறது. அத்தீவில் உள்ள ஒரே கிடங்கு அது. 2035 அளவில் நிரம்பிவிடும் என்று அரசாங்கமே கணக்கிட்டிருக்கிறது. நெருப்புக்குப் போகும் பெட்டி மட்கினால் என்ன, மட்காவிட்டால் என்ன? மறுபயனீட்டுத் தொட்டியில் இடுவதிலும் ஏறக்குறைய 40 விழுக்காடு, உணவுக் கறையாலும் வேண்டாத பொருளாலும் கெட்டு, பயனற்றுப் போகிறதென்று அதிகாரிகள் கூறுகின்றனர். தொட்டியில் போட்டதும் மனச்சாட்சி சுத்தமாகிவிடுகிறது, பெட்டி சுத்தமாவதில்லை.

இந்த நாகரிகப் பசுமையின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் தோட்டத்துத் தோழர்கள் அறியவேண்டும். "தாவர எண்ணெயால் ஆனது" என்று இலைப் படம் போட்டு விற்கும் சவர்க்காரங்கள் பலவற்றில் உள்ள அந்த எண்ணெய் எது? நம் செம்பனைத் தோட்டத்து எண்ணெய். அந்தச் செம்பனையின் அடியில் களை கொல்லப் பாராகுவாட் என்னும் விஷத்தை முதுகில் சுமந்து தெளித்தவர் யார்? பெரும்பாலும் நம் பெண்கள். நகம் உதிர்ந்தும், தோல் வெந்தும், மூக்கில் இரத்தம் வடிந்தும் அவர்கள் பட்ட பாட்டைத் தெனாகனித்தா அமைப்பினர் 2002-இல் ஆராய்ந்து வெளியிட்டனர். அதே ஆண்டு தடை விதித்த அரசாங்கம் 2006-இல் அதைத் தளர்த்தியது; முழுத் தடை வந்தது 2020 ஜனவரியில்தான். இன்று அவ்வேலையில் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த ஏழைகள் இருக்கிறார்கள். முதுகு மாறியிருக்கிறது, சுமை மாறவில்லை. சவர்க்காரப் போத்தலின் மேல் இவர்கள் படத்தை ஒட்டுவார் உண்டோ?

1995-இல் கட்டத் தொடங்கிய புத்ராஜெயா பூங்கா நகரம் என்று போற்றப்படுகிறது. ஏரியும் மரநிழலும் கண்ணுக்கு இனியவையே. அந்த மண் பிராங் பெசார் முதலிய நான்கு தோட்டங்களாக இருந்தது. அங்கே வேர்வை சிந்திய குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டதும், அச்சுவர்களில் விரிசல் கண்டதும், தரமான வீட்டுக்காக அவர்கள் ஆண்டுக்கணக்கில் மனுக்கொடுத்து அலைந்ததும் ஊரறிந்த செய்தி. ஏரிக்கரையில் உலாவப் போகிறவர் இதையும் நினைவில் வைத்துக்கொண்டு உலாவட்டும்.

மேல்நாட்டாரின் பசுமையும் இவ்விதமே. குப்பையை நிறவாரியாகப் பிரித்துப் போடும் அவர்களது ஒழுங்கை நம்மவர் வியந்து பேசுவர். 2018 ஜனவரியில் சீனா தன் கதவை அடைத்ததும், அந்த ஒழுங்கான குப்பை கப்பலேறி வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று கோல லங்காட்டு ஜெஞ்சாரோம். இரவில் எரித்த பிளாஸ்டிக் புகையை அவ்வூர் மக்கள் சுவாசித்தனர். நம் அரசாங்கம் 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன்களைப் பிரான்சு, பிரிட்டன், அமெரிக்கா முதலிய 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பியது. இது மெச்சத்தக்க காரியம்.

இனி எம்மை எதிர்ப்போர் வாதத்தைக் கேட்போம். "ஏழை தன் பந்தியில் வாழையிலை போட்டால் உலகம் பிழைத்துவிடுமா?" என்பர். பிழைக்காது. ஆலைக்காரனையும் கப்பற்காரனையும் சட்டம் போட்டுத்தான் அடக்கவேண்டும். அதற்குத் தொழிற்சங்கமும் வாக்குச் சீட்டும் வேண்டும். ஆனால் அண்டை வீட்டார் சிரிப்பாரே என்று அஞ்சிப் பிளாஸ்டிக் இலை வாங்குகிறவன், ஆலைக்காரனை எதிர்த்து நிமிர்ந்து நிற்பான் என்று எம்மால் நம்ப முடியவில்லை.

இரண்டாவது வாதம் இதனினும் வலியது. "தட்டு வைத்தால் கழுவுவது யார்?" என்பர். இதற்குப் பசுமைப் பிரசாரகர்களிடம் பதில் இல்லை. துணி அணையாடை, காய்கறித் தோல் உரம், வீட்டுச் சமையல், கண்ணாடிக் குடுவை என்று அவர்கள் கூறும் யோசனை ஒவ்வொன்றும் யார் கையில் வேலையாக விழுகிறது? எட்டு மணிநேரம் தொழிற்சாலையில் நின்று வீடு திரும்பும் பெண்ணின் கையில். லயத்திலும் அவளே சாம்பல் போட்டுத் தேய்த்தாள். மனைவியின் முதுகில் ஏறி நின்று பூமியைத் தாங்குவதாகச் சொல்லிக்கொள்ளும் ஆண்மகனுக்குச் சீர்திருத்தக்காரன் என்ற பெயர் பொருந்தாது. அவளிடம் மட்டும் சிக்கனத்தை உபதேசிப்பதை விடப் பிளாஸ்டிக் பொட்டலமே மேல் என்று சொல்லவும் யாம் தயங்கோம்.

ஆகவே வேலையைப் பகிருங்கள், அல்லது பொதுவில் ஏற்றுக்கொள்ளுங்கள். கோபுரத்துக்கு வர்ணம் பூச நன்கொடைப் புத்தகம் அச்சடிக்கும் மண்டப நிர்வாகிகள், ஐந்நூறு எவர்சில்வர் தட்டுகளும் ஒரு கழுவும் இயந்திரமும் வாங்குவதற்காக இதுவரை ஒரு புத்தகமேனும் ஏன் அச்சடிக்கவில்லை என்பதற்கு அடுத்த பொதுக்கூட்டத்தில் பதில் கூறட்டும். இயந்திரம் வந்து சேரும்வரை மாப்பிள்ளை வீட்டு ஆடவரும் பெண் வீட்டு ஆடவரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குழாயடிக்கு வரட்டும்.