கட்டடம் ஒன்று, பெயர்கள் பல

கெம்னிற்ஸ் நகரின் நடுவே வில்லென வளைந்த முகப்புடன் ஒரு பெருங்கட்டடம் நிற்கின்றது. எரிக் மென்டல்சோன் வரைந்த இந்த ஷொக்கன் பேரங்காடி 1930 மே 15இல் திறக்கப்பட்டது. மென்டல்சோன் 1933இலும், உரிமையாளர் சல்மான் ஷொக்கன் 1934இலும் நாட்டைவிட்டு வெளியேறினர், இருவரும் யூதர். 1938இல் நாசிகள் வணிகத்தைப் பறித்தனர். பெயரும் 'மேர்க்கூர்' ஆயிற்று. பின்னர் அது கிழக்கு யேர்மனியின் அரச அங்காடியாகவும், நாடு இணைந்தபின் 2001 வரை கௌஃப்ஹோஃப் கிளையாகவும் இயங்கியது. 2014 முதல் அங்கே சக்சனி மாநிலத் தொல்லியல் அருங்காட்சியகம் உள்ளது. ஷொக்கனின் வரலாறும் அதில் இடம்பெற்றுள்ளது.

பறித்தவர் அழித்த பெயரைப் பின்வந்தோர் மீட்டனர். ஊரில் நாம் விட்டுவந்த கடைகளின் பெயர்களை யார் மீட்பர்? அவை நின்ற தெருவையும் நடத்தியவர் பெயரையும் நாமே இன்று பிள்ளைகளுக்கு எழுதிவைப்போம்.