முதல் மூன்று நாள் நம்முடையது: தெருத்தெருவாக எழுங்கள், தோழர்களே!

புரட்டாசி முடியப்போகிறது. ஐப்பசி வாசலுக்கு வந்துவிட்டது. வங்கக்கடலில் அடுத்த தாழ்வு மண்டலம் எந்த நாள் உருவாகும் என்று யாராலும் இன்று சொல்ல முடியாது. ஆனால் அது உருவானால் சென்னையில் யார் வீட்டுக்குள் முதலில் தண்ணீர் வரும் என்று நமக்குத் தெரியும். ஜாபர்கான்பேட்டைக்குத் தெரியும். சைதாப்பேட்டைக்குத் தெரியும். முடிச்சூருக்குத் தெரியும். வேளச்சேரிக்குத் தெரியும். பெரும்பாக்கத்துக்கும் எண்ணூருக்கும் தெரியும்.

தெரிந்தும் சும்மா இருக்கப்போகிறோமா?

கூடாது, தோழர்களே. இந்த வருஷம் கூடாது. மழை வருவதற்கு முன்னால் தெரு எழ வேண்டும். தண்ணீர் வாசற்படியைத் தொடுவதற்கு முன்னால் நாம் ஒருவர் கையை ஒருவர் பிடித்திருக்க வேண்டும்.

2015 டிசம்பர் 1 இரவை மறந்துவிட்டோமா? தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் இறங்கியது. கரையோரத் தெருக்கள் தூங்கிக்கொண்டிருந்தன. எத்தனை மணிக்கு வரும், எத்தனை அடி வரும் என்று கதவைத் தட்டிச் சொல்ல எத்தனை தெருவுக்கு ஆள் வந்தது? கரண்ட் போனது. செல்போன் செத்தது. விமான நிலையமே நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. ஆற்றங்கரைத் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஜெனரேட்டர் மூழ்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த நோயாளிகள் பலர் அந்த நாள்களில் உயிரிழந்தார்கள்.

ஆட்சியாளர்கள் இதை இயற்கையின் சீற்றம் என்றார்கள். தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2018-இல் சட்டமன்றத்துக்கு வந்தது. அது மனிதர் உண்டாக்கிய பேரழிவு என்று அந்த அறிக்கையே சொன்னது.

பிறகு என்ன செய்தார்கள்? ஆற்றங்கரை ஏழைகளைக் கூண்டோடு கிளப்பினார்கள். அடையாறு, கூவம் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்றார்கள். கொண்டுபோய் வைத்தது எங்கே? பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரத்தில்! ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்து கிடந்து, தென்சென்னையின் மழையையெல்லாம் வாங்கிக்கொண்ட நிலம் அது. அதில் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். மீதியில் குப்பைமேடும் சாலையும் கட்டடங்களும் ஏறிவிட்டன. தண்ணீருக்குப் போக இடம் இல்லை. அது நம் வீட்டுக்குத்தான் வரும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. பெரும்பாக்கம் மூழ்கியது. முடிச்சூர் மூழ்கியது. வேளச்சேரியில் கட்டுமானப் பள்ளம் சரிந்து இரண்டு தொழிலாளர்கள் உள்ளே போனார்கள். உடல்களை வெளியே எடுக்க நான்கு நாள் ஆனது. மணலியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு வந்து எண்ணூர்க் கழிமுகத்தை மூடியது. அந்த எண்ணெயை அள்ளியது யார்? மீனவத் தோழர்கள். வாளியாலும் மக்காலும் வெறுங்கையாலும் அள்ளினார்கள்.

இதெல்லாம் நமக்குப் புதுச் செய்தி அல்ல. நம் சுவரில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் அழியவில்லை.

தோழர்களே, ஒன்றை நெஞ்சில் பதியுங்கள். வெள்ளம் வந்த முதல் மூன்று நாள் நம் தெருவுக்கு அரசு வராது. அரசுப் படகு பெரிய சாலை வரைக்கும் வரும். சந்துக்குள் வராது. ஹெலிகாப்டர் மேலே பறக்கும். நம் ஆயாவின் மாத்திரையைக் கொண்டுவராது. முதல் மூன்று நாள் நம்முடையது. அந்த மூன்று நாளில் யார் பிழைப்பார், யார் சாவார் என்பது இன்று நாம் செய்யும் வேலையில் இருக்கிறது.

2015-இல் நம்மைக் காப்பாற்றியது யார்? கடலோரக் குப்பத்துத் தோழர்கள் படகைத் தூக்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் கோயில் மண்டபங்களும் கதவைத் திறந்தன. பெண்கள் அண்டா அண்டாவாகச் சோறு வடித்தார்கள். மாணவர்கள் கழுத்தளவுத் தண்ணீரில் பால் பாக்கெட்டைத் தலையில் சுமந்தார்கள். மனசு இருந்தது. கை இருந்தது. இல்லாமல் போனது ஒன்றுதான்: ஏற்பாடு. படகு தெருவுக்கு வந்தது. எந்த வீட்டில் எழுந்து நடக்க முடியாத பெரியவர் கிடக்கிறார் என்று சொல்ல ஆள் இல்லை. இன்சுலின் வந்தது. யாருக்கு என்று தெரியவில்லை. சில தெருவுக்கு நாலு முறை சாப்பாடு போனது. சில தெருவுக்கு ஒரு முறைகூடப் போகவில்லை.

அந்த ஏற்பாட்டை இப்போதே செய்வோம். இன்றே தொடங்குவோம்.

ஒரு நோட்டு எடுங்கள், தோழர்களே. இருபது ரூபாய் நோட்டுப் புத்தகம் போதும். வீடு வீடாகப் போங்கள். கதவைத் தட்டுங்கள். எழுதுங்கள். எத்தனை பேர்? கைக்குழந்தை உண்டா? நிறைமாதக் கர்ப்பிணி உண்டா? யாருக்குச் சர்க்கரை ஊசி? யாருக்கு டயாலிசிஸ், எந்தக் கிழமை, எந்த மருத்துவமனை? யார் படுக்கையில் இருக்கிறார்? யார் தனியாக இருக்கிறார்? யாருக்கு நீச்சல் தெரியும்? யார் எலக்ட்ரீசியன்? யார் நர்ஸ்? யாரிடம் மீன்பாடி வண்டி இருக்கிறது? யார் வீட்டு மாடி உயரம்? அந்த நோட்டை மூன்று பிரதி எடுங்கள். பிளாஸ்டிக் கவரில் போடுங்கள். மூன்று வீட்டு மாடியில் வையுங்கள். செல்போனில் மட்டும் வைக்காதீர்கள். முதலில் சாவது செல்போன்தான்.

எந்தக் கதவையும் விடாதீர்கள். வாடகைக்கு இருப்பவர் கதவையும் தட்டுங்கள். ஹவுஸ் ஓனர் கதவையும் தட்டுங்கள். ஒரே அறையில் பத்துப் பேராகத் தங்கியிருக்கும் பீகார், ஒடிசாத் தொழிலாளர் கதவையும் தட்டுங்கள். இங்கே ரேஷன் அட்டை இல்லாததால் அவர்கள் பெயர் நிவாரணப் பட்டியலில் விடுபடலாம். நம் பட்டியலில் வரட்டும். பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுங்கள். சாதி பார்த்துத் தாண்டிப்போகாதீர்கள். ஓட்டுப் பார்த்துத் தாண்டிப்போகாதீர்கள். தண்ணீர் எந்த வீட்டையும் தாண்டிப்போகாது.

அடுத்தது, பொது இருப்பு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க மட்டும் மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளைக்கு 36 லிட்டர். இரண்டு கேன். நாள்கூலியில் அடுப்பெரியும் வீடு மூன்று நாள் சாமானை முன்கூட்டி வாங்கி வைக்குமா? எதை வைத்து வாங்கும்? அதனால் தெருவாக வாங்குவோம். இருப்பவர் கூடப் போடுங்கள். இல்லாதவர் உழைப்பைப் போடுங்கள். அவல், பொரி, பொட்டுக்கடலை, வெல்லம் வாங்குங்கள். அடுப்பு இல்லாமல் பசி ஆறும். பால்பவுடர் வாங்குங்கள். நாப்கின் வாங்குங்கள். டார்ச், விசில், நல்ல தடிமனான கயிறு, லாரி டியூப் வாங்குங்கள். தெருவிலேயே உயரமான மாடியில் ஏற்றி வையுங்கள். மிக்ஜாம் நாளில் பால் பாக்கெட்டை என்ன விலைக்கு விற்றார்கள் என்று நாம் பார்த்தோம். நம் குழந்தையின் பசியில் இனி எவரும் லாபம் பார்க்க விடாதீர்கள்!

மருந்தை மறக்காதீர்கள். இரண்டு வார மாத்திரை கையில் இருக்கட்டும். கரண்ட் இல்லாவிட்டால் இன்சுலினை மண்பானை ஈரத்துக் குளுமையில் வையுங்கள். பிரசவத் தேதி நெருங்கிய பெண்ணை மழை எச்சரிக்கை வந்தவுடனே மருத்துவமனைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் தங்க வையுங்கள். ரேஷன் அட்டை, ஆதார், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே கவரில் கட்டி வையுங்கள். கிளம்பும்போது தேட நேரம் இருக்காது.

தோழர்களே, வெள்ளத்தில் மூழ்கிச் சாவது மட்டும் சாவு அல்ல. கரண்ட் கொல்லும். 2025 ஆகஸ்டில், கண்ணகி நகரில், விடியும் முன்பே வேலைக்குப் போன தூய்மைப் பணியாளர் ஒருவர் தேங்கிய மழைநீரில் கால் வைத்தார். அதில் மின்சாரம் கசிந்திருந்தது. அங்கேயே இறந்தார். அது பெரும் புயல் நாள்கூட அல்ல.

இன்று மாலையே உங்கள் தெருமுனைக்குப் போங்கள். அங்கே உள்ள மின்சாரப் பில்லர் பாக்ஸைப் பாருங்கள். கதவு பூட்டியிருக்கிறதா, கயிற்றால் கட்டியிருக்கிறதா? உள்ளே உள்ள வயர் தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது? போன வெள்ளத்தில் அங்கே எத்தனை அடி தண்ணீர் நின்றது? தொடாதீர்கள். தள்ளி நின்று படம் எடுங்கள். மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். ரசீது வாங்காமல் வராதீர்கள்.

வீட்டுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கினால் மெயின் சுவிட்சை அணையுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடாதீர்கள். முழங்காலுக்குக் கீழே ஓடும் தண்ணீரும் ஆளைத் தள்ளிவிடும். தனியாக இறங்காதீர்கள். கயிறு பிடித்து இறங்குங்கள். முன்னால் போகிறவர் கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே போகட்டும். மூடி இல்லாத மேன்ஹோல் கண்ணுக்குத் தெரியாது.

தண்ணீர் வடிந்தபின்னும் ஆபத்து வடியாது. சம்ப் தண்ணீரை அப்படியே குடிக்காதீர்கள். கொதிக்க வையுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொடுங்கள். இந்த அளவைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். சாக்கடை கலந்த நீரில் நடந்தவருக்குக் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு காத்திராதீர்கள். மருத்துவ முகாமுக்குக் கூட்டிப்போங்கள்.

இவ்வளவையும் நாமே செய்துவிட்டால் அரசு எதற்கு என்று கேட்பீர்கள். கேளுங்கள். உரக்கக் கேளுங்கள்! நாம் தயாராவது அரசைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பதற்காக அல்ல. உயிரோடு இருந்து கணக்குக் கேட்பதற்காக!

கேட்போம். ஏரி திறக்கும் முன்னால் எங்கள் தெருவுக்கு யார் வந்து சொல்வார்கள்? பெயரைச் சொல்லுங்கள். நிவாரண மையம் எந்தப் பள்ளி? சாவி யாரிடம்? அங்கே பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா? எட்டு மாடிப் பெரும்பாக்கம் குடியிருப்பில் கரண்ட் போனால் லிஃப்ட் நிற்கிறது, மோட்டார் நிற்கிறது. மேல்மாடிப் பெண் இடுப்பில் குடத்தோடு இருட்டுப் படியில் ஏறுகிறாள். அவளுக்கு என்ன ஏற்பாடு? வெள்ளத்தைத் தடுக்க வழி சொல்ல அமைத்த திருப்புகழ் குழு 2023 மார்ச்சில் அறிக்கை கொடுத்துவிட்டது. அதில் எங்கள் வார்டுக்கு என்ன சொல்லியிருக்கிறது? எது முடிந்தது? எது முடியவில்லை? பகுதி சபையில் கேட்போம். கவுன்சிலர் வீட்டு வாசலில் கேட்போம். மண்டல அலுவலகத்தில் நூறு பேராகப் போய்க் கேட்போம். வெள்ளச் சகதியை அள்ள வரும் தூய்மைப் பணியாளருக்குக் கையுறை எங்கே, கால் பூட்ஸ் எங்கே என்று அவர்களோடு நின்று கேட்போம்.

தனி ஆளாகக் கேட்டால் மனு. தெருவாகக் கேட்டால் போராட்டம்.

தோழரே, உங்களுக்குத் தயக்கம் இருக்கும். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டக் கூச்சமாக இருக்கும். எவனாவது செய்வான் என்று தோன்றும். நமக்கு எதற்கு வம்பு என்று தோன்றும். கழுத்தளவு வெள்ளத்தில் குதிப்பவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். காய்ந்த தெருவில் முதல் கதவைத் தட்டுபவர்தான் இல்லை. இன்று வேண்டியது அந்தத் துணிச்சல். நாம் பேசாமல் இருந்த ஒவ்வொரு ஐப்பசிக்கும் ஒரு கார்த்திகை விலை வாங்கியது. அந்த விலையைக் கொடுத்தது நம் தெருப் பிணங்கள். இனியும் பேசாமல் இருப்பது அந்தச் சாவுகளுக்குத் துணைபோவது.

ஒரு தெருவில் ஐந்து பேர் போதும். மூன்று பேர் பெண்களாக இருக்கட்டும். எந்த வீட்டில் என்ன தேவை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஐந்து பேர் சேர்ந்தால் தெருக்குழு. ஐந்து தெரு சேர்ந்தால் அந்தப் பகுதியில் யாரும் கைவிடப்படமாட்டார்கள். மாநகராட்சி 1913, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077, ஆம்புலன்ஸ் 108. இந்த எண்களை ஒவ்வொரு வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் எழுதுங்கள். அதற்குக் கீழே தெருக்குழுவின் ஐந்து எண்களையும் எழுதுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு, உங்கள் தெருமுனையில் கூடுங்கள். மேடை வேண்டாம். மைக் வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு பேனா, ஐந்து பேர். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளாதீர்கள். மழை தள்ளிப்போடாது.

எழுங்கள், தோழர்களே! முதல் கதவை நீங்கள் தட்டுங்கள். ஒருவரையும் தண்ணீருக்குக் கொடுக்க மாட்டோம்!