தொண்டர் சங்கங்களும் தாமதித்து வரும் கடிதங்களும்

பொதுநலத் தொண்டில் ஈடுபட்டோர் பலரும் ஒருமுறையேனும் கேட்டிருக்கக்கூடிய வழக்கு ஒன்றுண்டு. "கடிதம் விடுத்தோம், மறுமொழி இல்லை, ஆதலின் முடிவு செய்துவிட்டோம்" என்பர் ஒரு சாரார். "கடிதம் எம் கைக்கு எட்டுமுன்னரே முடிவு செய்துவிட்டீர்" என்பர் மற்றொரு சாரார். இவ்விருவர் கூற்றும் ஒருங்கே உண்மையாயிருத்தல் கூடும் என்பதே இவ்வழக்கின் விந்தை. அங்கத்தினர் அனைவர்க்கும் ஒரே மின்னஞ்சலை விடுத்துக் காரியங்களை நடத்தும் சங்கங்கள் பெருகியுள்ள இந்நாளில், இதனைச் சிறிது ஆராய்தல் நலமெனக் கருதுகின்றோம்.

மின்னஞ்சல் என்னும் பெயரின் முற்பகுதியைக் கண்டு, அது மின்னலெனச் சென்று சேர்வதென்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். பிற்பகுதியையும் நோக்குதல் வேண்டும், அஃது அஞ்சலேயாம். 1971இல் ரே டாம்லின்சன் என்பார் ஒரு கணினியினின்று மற்றொரு கணினிக்கு வலையமைப்பின் வழியே கடிதம் அனுப்பிக் காட்டினார். 1982இல் ஜான் போஸ்டல் என்பார் அதன் போக்குவரத்திற்குரிய விதிகளை வகுத்தார். தபாற்பை ஊருக்கு ஊர் கைமாறுவது போலவே, இக்கடிதமும் சர்வருக்குச் சர்வர் கைமாறிச் செல்கின்றது. அடுத்த சர்வர் ஏற்றுக்கொள்ளும் நிலையில் இல்லையெனில், முன்னது அதனைத் தன்பால் வைத்திருந்து மீண்டும் முயலும். 2008இல் திருத்தி வெளியிடப்பெற்ற விதிகள், ஒரு முயற்சிக்கும் மறு முயற்சிக்கும் இடையே பொதுவாக 30 நிமிடமேனும் செல்லவேண்டும் என்றும், நான்கைந்து நாட்களேனும் முயன்ற பின்னரே கைவிடவேண்டும் என்றும் கூறுகின்றன. இழப்பதினும் தாமதித்தல் நன்று என்பது அவ்விதிகளை வகுத்தோர் கருத்து.

இதனோடு வேறு காரணங்களும் உள. முன்பின் அறியாதவரிடமிருந்து வரும் கடிதத்தை முதன்முறை ஏற்காது, "சிறிது பொறுத்து வருக" எனத் திருப்பும் வழக்கம் 2003 முதல் பரவலாயிற்று. குப்பைக் கடிதங்களைக் குவிப்போர் பெரும்பாலும் மறுமுறை முயலார் என்பதே இதன் உட்கிடை. அவ்வாறு நிறுத்தப்படும் வேளையில் நேர்மையான கடிதமும் வாயிலிற் காத்து நிற்கின்றது. நூற்றுக்கணக்கானவர்க்கு ஒருங்கே விடுக்கும் கடிதமோ, அளவுக்கட்டுப்பாட்டிற் சிக்கிச் சிலர்க்குக் காலையிலும் சிலர்க்கு மாலையிலும் சென்று சேர்தல் உண்டு. பழைய நாளில் உறையின்மேல் விழுந்த தபால் முத்திரைகளைப் போல, ஒவ்வொரு சர்வரும் தான் பெற்ற நேரத்தைக் கடிதத்தின் தலைப்புப் பகுதியிற் பதித்துச் செல்லும். அவ்வரிகளைக் கீழிருந்து மேலாகப் படிப்போர், கடிதம் எங்கே தங்கிற்று என்பதை அறியலாம். ஒருவரைக் குறைகூறுமுன் அதனைப் பார்த்தல் நன்று.

எனினும், இயந்திரத்தால் நேரும் தாமதம் பெரும்பாலும் சிறிதே. மனிதர் வாழ்க்கையால் நேரும் தாமதமே பெரிது. ஊதியம் பெறுவோனை, உடனே விடை தருக என ஏவலாம். தொண்டனோ தன் தொழிலுக்கும் இல்லத்திற்கும் கொடுத்தது போக எஞ்சிய பொழுதையன்றோ நமக்குத் தருகின்றான்? இரவுப் பணி முடித்து உறங்கும் செவிலியும், பரீட்சைக்குப் படிக்கும் மாணவனும், பிள்ளைகளைப் பேணும் தாயும் அங்கத்தினரே. நாம் இங்கே இரவு 10 மணிக்கு எழுதுங்கால், சிட்னி நகரத்திலுள்ள பழைய மாணவர்க்கு இரவு 2 மணி கடந்திருக்கும். ஆகவே ஓரிரவில் முடிவெடுக்கும் சங்கம், ஓய்வுடைய சிலரின் சங்கமாகவே முடியும்.

நாம் அறிந்த சங்கம் ஒன்றில், ஏழை மாணாக்கர்க்கு உதவிப்பணம் பகிர்வது பற்றிச் சனிக்கிழமை இரவு கடிதம் சென்றது. ஞாயிறு நண்பகலுக்குள் அபிப்பிராயம் கேட்கப்பட்டது. மலையூர்ப் பள்ளியொன்றில் ஆசிரியையாயிருந்த அங்கத்தினர் அதனைத் திங்கட்கிழமையே கண்டார். விண்ணப்பித்தவருள் தந்தையை இழந்து படிப்பை விடும் நிலையிலிருந்த மாணவி இன்னாள் என்பது அவர் ஒருவர்க்கே தெரியும். அவர் அதனை எழுதியபோது பணம் பகிரப்பட்டுவிட்டது. ஒருவரும் தீய எண்ணத்தால் இதனைச் செய்தாரல்லர். ஆயினும் அவ்வாசிரியை அதன்பின் ஒன்றும் எழுதவில்லை. கடிதத்தின் தாமதத்தைச் சங்கம் பொறுத்தல் கூடும். இத்தகைய தொண்டரின் மௌனத்தைப் பொறுத்தல் கூடுமோ?

இணையத்தையே சமைத்தவர்கள் இவ்வகையில் நமக்கு வழிகாட்டியுள்ளனர். 1986இல் தொடங்கிய இணையப் பொறியியல் பணிக்குழுவினர், தம் குழுக்கள் ஆக்கிய விதிகளைப் பற்றி இறுதிக் கருத்துக் கேட்குங்கால் இரண்டு வாரமேனும் காத்திருக்கின்றனர். நேரிற் கூடிப் பேசிய முடிவையும் கடித வாயிலாக உறுதிசெய்கின்றனர். 1999இல் நிறுவப்பெற்ற அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையில் வாக்கெடுப்பு பொதுவாக 72 மணி நேரமேனும் திறந்திருக்கும். விரைவின் கருவிகளைப் படைத்தோரே காத்திருத்தலை விதியாக்கினர் என்பது சிந்திக்கத்தக்கது.

"வெள்ளம் வீட்டிற்குள் புகுந்த பின்னும் மூன்று நாள் காத்திருப்பதோ?" எனச் சிலர் வினவக்கூடும். நேரிய வினாவே. 2015ஆம் ஆண்டு டிசம்பரிற் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது படகும் உணவும் தேடியோர்க்கு நிமிடமும் பெரிதாயிருந்தது. உயிர்க்காரியத்திற்குத் தொலைபேசியே ஏற்றது, வாட்ஸ்ஆப்பும் உதவும். ஆங்கும் தேதியும் நேரமும் குறியாத வேண்டுகோள், உதவி கிடைத்த பின்னரும் சுற்றிக்கொண்டேயிருக்கும். உடனே செய்யற்பாலதையும் கலந்து செய்யற்பாலதையும் பிரித்தறிதலே காரியதரிசியின் கடமை; யாவும் அவசரமெனின், மெய்யான அவசரத்தை எவரும் நம்பார்.

ஆதலின் நம் சங்கங்கள் சில ஒழுங்குகளை மேற்கொள்ளல் தகும். கடிதத்தின் முதல் வரியிலேயே மறுமொழிக்குரிய கடைசி நாளைக் குறிக்க. அது மூன்று நாளுக்குக் குறையாதிருக்க. முன்னரே அறிவித்தாலன்றி மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளற்க. தொலைபேசியிற் பேசி முடித்ததை அனைவர்க்கும் எழுதித் தெரிவிக்க. பெறுவோர்க்கும் கடமை உண்டு: விரிவாக எழுத இயலாதாயின், "கண்டேன், வியாழனன்று எழுதுவேன்" என ஒரு வரியேனும் விடுக்க. காத்திருக்கச் சொல்லும் உரிமை, காக்க வைக்கும் உரிமை அன்று.

கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தின் இறுதியில், அதனை லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கச் செய்யவேண்டுமென்று பவுல் அப்போஸ்தலர் பணித்திருத்தலை நம் மாணவர் அறிவர். அந்நிருபம் எத்தனை நாளிற் சென்று சேர்ந்தது என்று இன்று எவரும் கேட்பதில்லை. ஒரு சபை கேட்டதை மற்றச் சபையும் கேட்கவேண்டும் என்ற கருத்தே நமக்குப் பாடமாக நிற்கின்றது. நம் கைக்கடிதங்களும் அக்கருத்தோடு செல்வனவாக.