லேத்திலே நிற்பது இழிவா?

பிள்ளை மூன்றாந் தடவையும் உயர்தரம் எழுதுவதற்குத் தனியார் கல்வி நிலையங்களில் பணத்தைக் கொட்டப் பின்னிற்காத பெற்றோர், அதே பிள்ளை தொழில்நுட்பக் கல்லூரியில் உலோக வேலை படிக்கப் போகிறேன் என்றால் வீட்டில் இழவு விழுந்தது போல் நடந்துகொள்கின்றனர். "லேத்திலே நிண்டு இரும்பு சீவவோ உன்னைப் படிப்பிச்சனாங்கள்?" என்ற கேள்வியை யாழ்ப்பாணத்தில் நான் கேட்ட தடவைகளுக்குக் கணக்கில்லை.

இரும்பு சீவுதல் என்பது என்ன? 25 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளையொன்றை 'எச்7' என்னும் சர்வதேச அளவுப்படி முடிப்பதாயின், அது 0.021 மில்லிமீற்றருக்கு மேல் பெருக்கக்கூடாது; சிறுக்கவே கூடாது. தலைமயிர் இதைவிடத் தடிப்பானது. அளவுகளோ 20 பாகை செல்சியசுக்கு வரையறுக்கப்பட்டவை. எமது பட்டறைகளின் 32 பாகை வெக்கையில், 100 மில்லிமீற்றர் உருக்குத் துண்டு ஏறத்தாழ 0.014 மில்லிமீற்றர் நீண்டுவிடும். அலுமினியமாயின் அதன் இருமடங்கு. கடைந்த சூடு ஆறுமுன் அளந்தவன் ஏமாறுவான். பரீட்சைக்காக மனனம் செய்து மறந்துவிடும் வெப்ப விரிவை இவன் நாள்தோறும் கையில் வைத்துக்கொண்டு கணக்கிடுகிறான். இதுவா படிப்பு ஏறாதவனின் வேலை?

வேடிக்கை என்னவெனில், சுவிஸில் உள்ள உறவினரின் மகன் நான்காண்டுப் பயிற்சி முடித்துப் 'பொலிமெக்கானிக்கர்' ஆகிவிட்டான் என்றால் ஊரில் வாய் நிறையச் சொல்லித் திரிகிறார்கள். அந்தப் பையன் நிற்பதும் கடைசல் இயந்திரத்தின் முன்னால்தான் ஐயா! ஜேர்மன் பெயர் வைத்தால் மதிப்பு, தமிழில் சொன்னால் வெட்கம்.

"படித்துவிட்டு எங்கே வேலை?" என்போர் உண்டு. இதில் நியாயம் இருக்கிறது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் போரோடு நின்றது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் அழிந்தது. அவற்றின் இடத்தை நிரப்ப எந்த அரசும் அவசரப்படவில்லை. பயிற்சி பெற்று வருபவனைக் கூட்டித் துடைக்க விட்டு, மேசனின் கூலியில் பாதி கொடுக்கும் பட்டறை முதலாளிமாரையும் நான் அறிவேன். ஆயினும் 2022இல் அந்நியச் செலாவணி வற்றி உதிரிப்பாகங்கள் வராது நின்றபோது, தேய்ந்த பம்புத் தண்டைத் தூக்கிக்கொண்டு தோட்டக்காரர் எங்கே போனார்? பட்டதாரியிடமா?

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும், 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் உள்ளன. முதலாவதற்குத் தெரிவானவரின் படத்தை எமது பத்திரிகைகள் முதற் பக்கத்தில் போடுகின்றன. இரண்டாவதில் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெறும் பிள்ளையின் படத்துக்கு அதே பக்கத்தில் இரண்டு அங்குலம் ஒதுக்க எந்த ஆசிரியர் தயார்? பெயரைச் சொல்லட்டும். படத்தையும் செய்தியையும் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.