செண்டுமல்லி வைத்தும் தக்காளியில் புழு ஏன்?

‘மொட்டை மாடியில் 15 தொட்டிகளில் தக்காளி வைத்திருக்கிறோம். ஊடே செண்டுமல்லி வைத்தால் பூச்சி வராது என்றார்கள். வைத்தும் காய்களைப் புழு துளைக்கிறது. தண்ணீர்த் தொட்டியும் துணிக்கொடியும் அங்கேயே இருப்பதால் மருந்து அடிக்க முடியாது. என்ன செய்யலாம்?’
- வாசகர், திருவொற்றியூர்.

செண்டுமல்லி பூச்சியை விரட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். காய்ப்புழு விஷயத்தில் நடப்பது நேர்மாறானது. தாய் அந்துப்பூச்சி செண்டுமல்லி மொட்டிலும் பூவிலும் விரும்பி முட்டையிடும். அதனால்தான் இதைக் கவர்ச்சிப் பயிர் என்கிறோம். இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, பருவம். தக்காளி பூக்கும் நேரத்தில் செண்டுமல்லியும் பூத்திருக்க வேண்டும். 40 நாள் வயதுள்ள உயரமான ரக செண்டுமல்லி நாற்றையும் 25 நாள் தக்காளி நாற்றையும் ஒரே சமயத்தில் நட வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. வயலில் 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி. மாடியில் 15 தொட்டிகளுக்கு இரண்டு, மூன்று செண்டுமல்லித் தொட்டிகளைப் பரவலாக வைக்கலாம். தக்காளி விதைப்பதற்கு 15 நாள் முன்பே செண்டுமல்லியை விதைத்துவிட வேண்டும்.

இரண்டாவது, கண்காணிப்பு. தினமும் காலையில் மொட்டுகளைப் பார்த்து, புழுவையும் துளைபட்ட பூக்களையும் பறித்துச் சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். இதைச் செய்யாவிட்டால், புழுவுக்கு நாமே தீனி போட்டு வளர்த்த கதையாகிவிடும். துளைபட்ட தக்காளிக் காய்களையும் செடியில் விட்டுவைக்கக் கூடாது.

எண்ணூர், மணலி, ராயபுரம் பக்கம் இன்னொரு தொல்லையும் உண்டு. அனல்மின் நிலையச் சாம்பலும் லாரிப் புழுதியும் இலையில் படிகின்றன. தூசி படிந்த இலையில் செஞ்சிலந்தி பெருகும். அதைத் தின்னும் நன்மை செய்யும் பூச்சிகள் குறையும். செண்டுமல்லியையும் செஞ்சிலந்தி தாக்கும். எனவே, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை காலையில் எல்லாச் செடிகளின் இலைகளையும், முக்கியமாக அடிப்பக்கத்தை, தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதை இலையில் படவிடாமல், மெட்ரோ தண்ணீரையோ சேமித்த மழைநீரையோ பயன்படுத்தலாம்.

எல்லாப் பூச்சிக்கும் செண்டுமல்லி தீர்வாகாது. உதாரணமாக, கத்தரியில் தண்டு, காய்த்துளைப்பானுக்கு இதை நம்பியிருக்கக் கூடாது. வாடித் தொங்கும் குருத்தைப் புழுவோடு கிள்ளி அழிப்பதுதான் வழி.

இப்போதுள்ள தக்காளிச் செடிகளில் புழுவைக் கையால் பொறுக்குங்கள். அடுத்த நடவுக்கான செண்டுமல்லி விதையை மட்டும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். அடுத்த முறை மருந்தில்லாமலே சேதம் நன்றாகக் குறையும்.