பிறந்த தேதியா, பிரேக்கின் நிலையா?

டில்லியிலே ஒரு கணக்கு எழுதியிருக்கிறார்கள். பதினைந்து வயதைக் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க முன்பு 600 ரூபாய். 2022 ஏப்ரல் முதல் நாள் தொட்டு 5,000 ரூபாய். அதோடு மனம் நிறையவில்லை. 2025 ஆகஸ்டில் இன்னொரு ஆணை பிறந்தது: இருபது வயது தாண்டிய காருக்கு 10,000, இருபது வயது தாண்டிய மோட்டார் சைக்கிளுக்கு 2,000! அந்த மோட்டார் சைக்கிளைச் சந்தையில் விற்றால் என்ன கிடைக்கும் என்று ஆணை எழுதிய கனவான்கள் ஒருமுறை விசாரித்திருக்கலாம்.

ஏன் இந்த உயர்வு? பழைய வண்டி புகை கக்குகிறது, விபத்து விளைவிக்கிறது, ஆகவே அதை வைத்துக்கொள்வதைக் கடினமாக்குகிறோம் என்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. புகை கக்கும் வண்டிக்கு நாம் வக்காலத்து வாங்க வரவில்லை. அந்தப் புகையை முதலில் குடிப்பவன் சாலையோரத்தில் நிற்கும் தொழிலாளி; கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குளிர்சாதனக் காரில் போகிறவர் அல்ல. நாம் கேட்பது வேறு. வண்டி கெட்டிருக்கிறதா என்று பார்த்தா கட்டணம் விதித்தார்கள்? இல்லை! எப்போது பிறந்தது என்று பார்த்து விதித்தார்கள். பிறப்பைக் கொண்டு தரம் பிரிக்கும் பழைய புத்தி மனிதனை விட்டு மோட்டாருக்கும் தாவியிருக்கிறது. கண்ணும் கருத்துமாய்ப் பராமரித்த இருபது வயதுக் கார் பத்தாயிரம் கட்ட வேண்டும். பதினான்கு வயதிலே பிரேக் பிடிக்காமல் ஓடும் சொந்தக் காருக்கோ தகுதிச் சோதனையே கிடையாது. அது குற்றமற்ற வண்டி!

கடத்தூரை எடுத்துக்கொள்வோம். தருமபுரி மாவட்டத்துப் பேரூராட்சி, வெற்றிலைச் சந்தை நடக்கும் ஊர். இந்த வட்டாரத்திலிருந்து கட்டட வேலைக்குப் பெங்களூருக்கும், பின்னலாடை வேலைக்குத் திருப்பூருக்கும் போய் வருவோர் ஏராளம். இங்கே பழைய கார் பகட்டுக்கு அல்ல. பட்டணத்துச் சீமான் ஐந்தாறு ஆண்டு ஓட்டிச் சலித்துத் தள்ளிய வண்டி, இரண்டு மூன்று கை மாறி இங்கே வந்து சேருகிறது. நள்ளிரவில் வலி கண்ட பெண்ணைத் தருமபுரி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போவது அது. தக்காளிக் கூடை ஏற்றுவது அது. மகளின் திருமணப் பத்திரிகையை ஊர் ஊராய்க் கொண்டு போவதும் அதுதான். மாருதி 800-ம் அம்பாசடரும் உற்பத்தி நின்றது 2014-ல். ஓட்டம் நின்றதா? இல்லை. எதனால்? கையில் ஸ்பானர் பிடித்த ஒரு தோழன் ஊருக்கு ஊர் இருப்பதால்!

அந்தத் தோழனைக் கேட்டால் சொல்வான்: வயதான வண்டிக்கு வரும் நோய்கள் விரல் விட்டு எண்ணத்தக்கவை, அவற்றிலே பெரும்பாலானவை வயதால் வருவன அல்ல, கவனிக்காமல் விட்டதால் வருவன.

கொதிப்பைப் பாருங்கள். "இன்ஜின் ஹீட்டாகுது" என்று வந்து நிற்பார் வண்டிக்காரர். பானட்டைத் தூக்குமுன் மெக்கானிக் ஒரு கேள்வி கேட்பார்: "நிக்கும்போது ஏறுதா, ஓடும்போது ஏறுதா?" அந்த ஒரு கேள்வியிலே பாதி வைத்தியம் முடிந்துவிடுகிறது. நிற்கும்போது சூடேறி, ஓடத் தொடங்கியதும் தணிந்தால், ரேடியேட்டர் விசிறியையும் அதன் ஃபியூஸையும் ரிலேயையும் பார்க்க வேண்டும். ஓடும்போதும் மேடேறும்போதும் சூடேறினால், ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் திறக்காமலிருக்கலாம், வாட்டர் பம்பு சோர்ந்திருக்கலாம். இன்ஜின் ஆயில் பால் ஊற்றிய காப்பி நிறத்தில் வந்தால் ஹெட் கேஸ்கட் மீது சந்தேகம் விழும். அந்த நிலைக்கு விட்டால்தான் பெருஞ்செலவு. கொதிக்கும்போது மூடியைத் திறந்து முகத்தை வேகவைத்துக்கொள்பவர்களும் உண்டு. ஆறும் வரை கை வைக்கக் கூடாது.

ரேடியேட்டர் ஏன் அடைக்கிறது? நம் மாவட்டத்து ஆழ்குழாய்த் தண்ணீரை ஊற்றுவதால். இந்த நிலத்தடி நீரிலுள்ள ஃபுளோரைடு பிள்ளைகளின் பற்களைக் கறையாக்கி, பெரியவர்களின் எலும்பை வளைத்த கதையை நாடறியும். அதற்காகத்தான் 2008-ல் முதல்வர் கலைஞர் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார். 2013-ல் திட்டம் பயனுக்கு வந்தது. மனிதனுக்குக் காவிரி வந்தது. காருக்கு இன்னும் போர்த் தண்ணீர்! அதிலுள்ள உப்பு, சூட்டிலே படிந்து படிந்து, குழாய்க்குள் சுண்ணாம்பு பூசிவிடுகிறது. கூலண்டும் வடிநீரும் கலந்து ஊற்றினால் போதும், வண்டிக்கு ஆயுள் கூடும். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆணை போட்டார்களா டில்லியிலே?

புகையும் பேசும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கிறது. கறுப்புப் புகை வந்தால் எரிபொருள் மிகுந்து காற்று குறைந்திருக்கிறது. முதலில் ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்க்க வேண்டும். குளிர்காலக் காலையில் சிறிது நேரம் வெள்ளை ஆவி வந்தால் அஞ்ச வேண்டாம். வண்டி சூடான பிறகும் நிற்காமல் வந்தால், தண்ணீர் எரிகிறது என்று பொருள். ஸ்டார்ட் ஆகவில்லையா? ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் செத்துப்போனால் பேட்டரி, அல்லது டெர்மினலில் பூத்திருக்கும் பச்சைக் களிம்பு. வெளிச்சம் நின்று, ஸ்டார்ட்டர் சுற்றியும் பிடிக்காவிட்டால், பெட்ரோலோ பொறியோ வந்து சேரவில்லை. பல்கலைக்கழகத்துப் படிப்பு வேண்டாம் இதற்கு. காரணம் தேடும் புத்தி வேண்டும்.

அந்தப் புத்திக்குத்தான் நம்மவரிடம் பஞ்சம் என்பதையும் சொல்லாமல் விடலாகாது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். ஆண்டுக்கொருமுறை பூசணிக்காயை நடுத்தெருவில் உடைக்கிறோம். அதிலே வழுக்கி விழும் மோட்டார் சைக்கிள்காரனின் திருஷ்டியை யார் கழிப்பது? பிரேக் ஆயிலை மாற்றி எத்தனை ஆண்டு ஆயிற்று என்று கேட்டால் விழிக்கிறோம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. இரண்டு ஆண்டுக்கொருமுறை மாற்றாவிட்டால், நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி, மிதிகட்டை பஞ்சாகிவிடும். தருமபுரியிலிருந்து சேலம் போகிறவர் தொப்பூர்க் கணவாயில் இறங்குகிறார். அங்கே எத்தனை உயிர் போயிருக்கிறது என்பதை நமக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவதும், பஞ்சான பிரேக்கை நம்புவதும் அந்த இறக்கத்தில் எமனுக்கு எழுதும் அழைப்பு. கியரைக் குறைத்து இறங்க வேண்டும். எலுமிச்சம்பழம் பிரேக் பிடிக்காது, தோழர்களே!

சரி, நாம் திருந்துகிறோம். ஆளவந்தார்கள் திருந்தினார்களா?

2025-ல் நாடெங்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்தாயிற்று. 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகள் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. முன் பிறந்தவை? பழைய வண்டிகள் சிலவற்றில் ரப்பர்ப் பாகங்களும் கேஸ்கட்டும் இருபது முப்பதாயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு மாற்ற வேண்டியிருக்கலாம், மைலேஜும் சற்றுக் குறையும் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது. செலவு சொற்பம்தான் என்று ஆறுதலும் சொன்னது. பட்டறையிலே இதன் அடையாளம் தெரியும்: பெட்ரோல் ஓஸ் உப்பிப்போய் அல்லது வெடித்துக் கிடக்கும், டேங்க்கில் படிந்திருந்த அழுக்கை எத்தனால் கரைத்துக் கிளப்பிவிட, ஃபில்டர் அடைத்து வண்டி "மிஸ்ஸிங்" அடிக்கும். ஓஸை மாற்று, ஃபில்டரை மாற்று, தீர்ந்தது நோய். மாற்றாமல் விட்டால் சூடான இன்ஜின் மீது பெட்ரோல் சொட்டும். சின்ன ஊர் பங்கில் வேறு பெட்ரோல் கேட்டு வாங்க வழி ஏது? எரிபொருளை மாற்றியவர் அவர். ஓஸுக்குக் காசு கொடுப்பவன் இவன். அந்த ஓஸை மாற்றி வண்டியை ஒழுங்காக்கி எடுத்துப் போனால், "வயதாகிவிட்டது, பத்தாயிரம் வை" என்கிறவரும் அவரே!

டில்லித் தலைநகரிலேயே இந்த வயதுக் கணக்கு தள்ளாடியது. பத்து வயது டீசலுக்கும் பதினைந்து வயது பெட்ரோலுக்கும் 2025 ஜூலை முதல் நாளிலிருந்து பங்கிலே எண்ணெய் கிடையாது என்றார்கள். மக்கள் கொதித்தார்கள், சில நாட்களிலேயே அந்தத் தடை நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில், வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை எடுக்காதே என்றது உச்ச நீதிமன்றம். டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பி.எஸ்.4-ம் அதற்கு மேற்பட்ட தரமும் உள்ள வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. அதாவது, எந்தத் தரத்தில் செய்யப்பட்டது என்ற கேள்வி உள்ளே வந்துவிட்டது. எந்த நிலையில் இருக்கிறது என்ற கேள்வி இன்னும் வாசலில் நிற்கிறது.

இதைவிடப் பெரிய பூட்டு ஒன்று உண்டு. கார்பரேட்டர் காலத்து வண்டியைக் காதால் கேட்டே சொல்லிவிடுவான் கடத்தூர்த் தோழன். இப்போது பழசாகிக்கொண்டு வருபவை கம்ப்யூட்டர் வைத்த வண்டிகள். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. ஸ்கேனர் மாட்டினால்தான் நோயின் எண் தெரியும். பொதுவான எண்களைக் கடையில் விற்கும் ஸ்கேனர் படிக்கும். கம்பெனியின் சொந்தக் கணக்குகளுக்குள் நுழையச் சாவி கம்பெனியிடம்! 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார்க் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்ததே, ஏன்? உதிரிப் பாகத்தையும் நோயறியும் கருவியையும் வெளிப் பட்டறைக்குக் கிடைக்காமல் தடுத்தார்கள் என்பதற்காக. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போயிற்று. பட்டறைக்குச் சாவி போகவில்லை. 2022-ல் மத்திய நுகர்வோர் துறை "பழுதுபார்க்கும் உரிமை" என்று ஒரு குழு அமைத்தது, ஒரு இணைய வாசலும் திறந்தது. வாசல் திறந்தார்கள், சட்டம் கொண்டுவரவில்லை.

அமெரிக்காவில் என்ன நடந்தது? மாசசூசெட்ஸ் என்ற ஒரே ஒரு மாநிலம். 2012-ல் அந்த மாநிலத்து மக்கள் வாக்குச் சீட்டிலேயே தீர்ப்பெழுதினார்கள்: கம்பெனிப் பட்டறைக்குக் கொடுக்கும் கருவியையும் குறிப்பையும் வெளிப் பட்டறைக்கும் நியாய விலைக்குக் கொடு! 2014-ல் கார்க் கம்பெனிகள் இறங்கிவந்து, அதே ஏற்பாட்டை நாடு முழுவதற்கும் ஒப்புக்கொண்டன. ஒரு மாநிலம் சட்டம் செய்தது, ஐம்பது மாநிலங்கள் பயன் பெற்றன.

நம் அரசியல் சட்டத்திலே வாகன வரி மாநிலப் பட்டியலில் 57-வது இனம். இயந்திர வாகனங்கள் பொதுப் பட்டியலில் 35-வது இனம். தமிழகச் சட்டமன்றம் கை வைக்கக் கூடாத இடமல்ல இது. மத்திய சட்டத்தோடு முரண்பட்டால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டியிருக்கும். கேட்போம், கொடுக்காவிட்டால் ஏன் என்று கேட்போம். அதுவரை அரசு தொழிற்பயிற்சி நிலையங்களிலே மாலை வகுப்பு வைத்து, ஏற்கனவே தொழிலில் உள்ள மெக்கானிக்குகளுக்கு ஸ்கேனர் பயிற்சி அளிக்கலாம். அதற்கு டில்லியின் கையெழுத்து வேண்டாம்.

நாடாளுமன்றத்தில் நம் உறுப்பினர்கள் எழுப்ப வேண்டிய கேள்வி இரண்டு. தகுதிச் சோதனையில் தேறிய வண்டிக்கு, பிறந்த ஆண்டைக் காட்டிப் பதினாறு மடங்குக்கும் மேல் கட்டணம் வாங்குவது எந்த நியாயத்தின்படி? எத்தனாலால் கெட்ட ஓஸுக்கு யார் பொறுப்பு?