துவக்கும் எல்லைக்கோடும்

இலங்கை ஒற்றையாட்சி நாடு. இங்கு மாநிலங்கள் இல்லை, ஆகவே மாநில எல்லைகளும் இல்லை. எனவே அநுமதி பெற்ற துவக்கொன்றை வாகனத்தில் ஏற்றி ஓரிடத்திலிருந்து பிறிதோரிடத்துக்குக் கொண்டு செல்லுதல் பற்றிய சட்டச் சிக்கல் ஐக்கிய அமெரிக்காவுக்கோ இந்தியாவுக்கோ உரியதேயன்றி இந்நாட்டுக்கு உரியதன்று என வாதிப்பாருளர். கேட்பதற்கு எளிதான இவ்வாதம் உண்மைக்குப் புறம்பானது. எல்லை எழுதப்பட்டுள்ள நாட்டில், தான் எவ்விடத்திற் குற்றவாளியாகின்றான் என்பதைப் பயணி புறப்படுமுன்னரே அறிந்துகொள்ளலாம். எல்லையே இல்லை என்று சொல்லப்படும் நாட்டில் அதனை அவன் சோதனைச் சாவடியிலேதான் அறிகின்றான்.

உடுவிலில் வீடும் பரந்தனில் வயலும் உடைய விவசாயி ஒருவரை எண்ணிப்பார்க்க. இத்தகையோர் வலிகாமத்திற் புதியவரல்லர். செம்மண்ணிற் புகையிலையும் வெங்காயமும் செய்தோர் நெல்லுக்கு வன்னியை நாடியமை இரணைமடுக் குளத்தின் கீழான குடியேற்றக் காலத்திலிருந்தே நிகழ்ந்துவருவது. காட்டுப்பன்றிக் கூட்டமொன்று ஓரிரவில் வயலின் ஒரு மூலையைக் கிளறித் தள்ளிவிடும். பயிர்க்காவலுக்கென அநுமதி பெற்ற ஒற்றைக்குழல் சொட்கன் ஒன்று அவரிடம் உண்டு எனக் கொள்க. அஃது உடுவில் வீட்டு அலுமாரியில் இருந்தாற் பன்றிக்கு என்ன கவலை? ஆளில்லாத வயற்கொட்டிலில் விட்டுவைத்தலோ கள்வனுக்குக் கையளித்தலுக்கு ஒப்பாகும். ஆகவே துவக்கு அவருடன் பயணம் செய்தே தீரவேண்டும்.

அப்பயணம் யாழ்ப்பாணம், சாவகச்சேரி, பளை, ஆனையிறவு வழியாகச் செல்வது. 1984 ஆம் ஆண்டிற் கிளிநொச்சி தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும்வரை இவ்வழி முழுவதும் யாழ்ப்பாண மாவட்டத்துள்ளேயே இருந்தது. இன்று பளைக்கு முன்னரே மாவட்ட எல்லை வந்துவிடுகின்றது. குடாநாட்டின் இக்கழுத்துப் பகுதியிற் காவல் வைத்தல் நெடுங்கால வழக்கம். ஆனையிறவு, பெச்சுற்றர், பைல் என ஒல்லாந்தர் காலச் சிறு கோட்டைகள் வரிசையாக இருந்தமை அதற்குச் சான்று. 2002 முதல் 2006 வரை முகமாலையில் ஒருவர் கடந்த சாவடிகள் இருதரப்புக்கும் உரியனவாய் இரண்டாயிருந்தன. ஒற்றையாட்சி என்னும் சொல் அச்சாவடிகளில் எதனையும் மாற்றவில்லை.

இனிச் சட்டத்தை நோக்குக. அடிப்படையானது 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம். 1915 கலவரத்துக்கு அடுத்த ஆண்டு அது பிறந்தமை நினைவிற் கொள்ளத்தக்கது. துவக்கு வைத்திருப்போன் அநுமதிப்பத்திரம் பெறவேண்டும், அதனை ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும் என்பதில் எவருக்கும் முரண்பாடு இருக்கவேண்டியதில்லை. முரண்பாடு 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்துடனேயே தொடங்குகின்றது. 'பாதுகாப்புப் பகுதி' ஒன்றினுள் சட்டபூர்வ அதிகாரமின்றிச் சுடுகலன் வைத்திருத்தலை அதன் 2 ஆம் பிரிவு தனிக்குற்றமாக்குகின்றது. தண்டனை 5 ஆண்டுக்குக் குறையாத, 20 ஆண்டுக்கு மேற்படாத சிறை. எது பாதுகாப்புப் பகுதி? அமைச்சர் வர்த்தமானியிற் பிரகடனம் செய்யும் எப்பகுதியும் ஆகலாம். வயல் இருந்த இடத்திலேயே இருக்கின்றது, துவக்கும் அதுவே, வர்த்தமானியின் ஒரு தாளால் இடத்தின் தன்மை மாறிவிடுகின்றது. இதனினும் கடுமையான மாநில எல்லை வேறெங்குளது?

அநுமதிப்பத்திரம் உள்ளவன் சட்டபூர்வ அதிகாரம் உடையவனல்லனோ எனின், நீதிமன்றத்தில் அவ்வாதம் வெல்லக்கூடும். ஆனால் நீதிமன்றம் பின்னே வருவது. 6 ஆம் பிரிவு பிடியாணையின்றி வாகனத்தை மறித்துச் சோதிக்க இடமளிக்கின்றது. 9 ஆம் பிரிவு சந்தேகத்தின்பேரில் மும்மாதம் மும்மாதமாகத் தடுத்துவைக்க வழிசெய்கின்றது. மூன்றாண்டுக்கென இயற்றப்பட்ட இச்சட்டத்தின் கால எல்லை 1982 இல் நீக்கப்பட்டது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் தடுப்புக்காவலின் உச்சவரம்பை 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைத்ததேயன்றி மேற்கூறிய குற்றத்தைத் தொடவில்லை. பத்திரத்தைப் புதுப்பிக்க ஒரு வாரம் பிந்திய விவசாயியின் நிலையை எண்ணுக. அவன் குறை கந்தோரில் எழுதுவினைஞர் ஒருவரின் மேசையில் தீர்க்கத்தக்கது. கோட்டுக்கு அப்பால் அதே குறை, சட்டத்தின் சொற்படி, ஐந்தாண்டுச் சிறைக்கு வாயிலாகலாம்.

எல்லையை ஒப்புக்கொள்ளும் நாடுகள் செய்வது யாது? இந்தியாவின் 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழான உரிமத்தில் அது செல்லுபடியாகும் பரப்புக் குறிக்கப்படுகின்றது. தமிழ்நாட்டளவில் மட்டும் உரிமம் பெற்றவன் வாளையாற்றைத் தாண்டிப் பாலக்காட்டுக்குத் துவக்குடன் செல்லின் உரிமமற்றவனே. கடுமைதான், ஆயினும் அக்கடுமை அவன் கையிலுள்ள தாளிலேயே எழுதப்பட்டிருக்கின்றது.

ஐக்கிய அமெரிக்காவின் 1986 ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் தெளிவானது. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் துவக்கை வைத்திருக்க உரிமையுள்ளவன், இடையிலுள்ள மாநிலங்களின் சட்டம் எவ்வாறாயினும், குண்டேற்றாது, கைக்கெட்டாத இடத்தில் வைத்து அதனைக் கொண்டு செல்லலாம். இடைவழிக்கே அச்சலுகை, சேருமிடத்தின் சட்டம் அவனைக் கட்டுப்படுத்தும். 1824 இல் உடுவிலிற் பெண்களுக்குப் பாடசாலை தொடங்கிய மிசனரிமாரை அனுப்பிய சங்கம் மாசச்சூசெற்சின் பொசுற்றன் நகரைத் தலைமையிடமாகக் கொண்டது. அதே மாசச்சூசெற்சின் உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில், அயலிலுள்ள நியூ ஹாம்ப்சயரிலிருந்து துவக்குடன் வந்தோரின் இரு வழக்குகளைத் தீர்த்தது. பிறமாநிலத்தவர்க்கு அநுமதி வழங்குவதை அதிகாரியின் விருப்பத்துக்கு விட்ட பழைய விதி செல்லாது என்றது. தகுதியுடையோர்க்கு வழங்கியே ஆகவேண்டும் எனத் திருத்தப்பட்ட புதிய விதி செல்லும் என்றது. அநுமதி கேட்பதைக் குற்றமாகக் காணாத அந்நீதிமன்றம் அதிகாரியின் மனப்போக்கையே குற்றமாகக் கண்டது.

இவ்வாறு எழுதப்பட்ட விதியொன்றைக் கேட்பது ஆயுதக் கடத்தலுக்கு வழிதிறக்கும் என்பது மறுபக்கத்தார் வாதம். 1971 ஏப்ரலிற் கிளர்ச்சியாளர் வீடு வீடாகச் சென்று சொட்கன் துவக்குகளைச் சேகரித்தமையை அவர்கள் எடுத்துக்காட்டலாம். அஃது உண்மையே, துவக்கு மலிந்த நாடு நல்ல நாடு என்று வடபுலத்தில் எவரும் சொல்லத் துணியார். ஆனால் கடத்துவோன் பத்திரத்தையும் கையிற்கொண்டு சாவடிக்கு வருவதில்லை. தன்னியக்கத் துவக்குக்கு ஆயுட்சிறை என 1996 ஆம் ஆண்டுத் திருத்தம் ஏற்கெனவே கூறிவிட்டது. உறையிலிட்டுக் கட்டிய ஒற்றைக்குழல் சொட்கனையும் சாக்கினுள் மறைத்த தன்னியக்கத் துவக்கையும் பிரித்தறிய இயலாத காவல் எவரைக் காக்கப்போகின்றது?

வேண்டப்படுவது சில வரிகளே. குண்டேற்றாத துவக்கு, தனியே வைத்த தோட்டா, பத்திரத்தில் எழுதிய புறப்பாடும் சேருமிடமும். இவை பொருந்தினால் வழியில் எவ்வர்த்தமானியும் அவனைக் குற்றவாளியாக்கலாகாது. பொருந்தாவிடிற் சாதாரணச் சட்டம் தன் கடமையைச் செய்க. புதுப்பித்தற் பிழைக்குத் தண்டம் போதும். வாகனச் சாரதியையும் இவ்விதி மறக்கலாகாது. கூலி பேசி ஏற்றிய விவசாயியின் உறைக்குள் இருப்பது துவக்கு என்று தெரிந்தாலும், அவரது பத்திரம் சென்ற மாதம் காலாவதியாயிற்றா என்பதை வான் ஓட்டுபவர் எங்ஙனம் அறிவார்? மறிக்கப்படும் வேளை அவரும் அதே வாகனத்திலேயே இருக்கின்றார்.